மேட்ச் ஏர் பிஸ்டலுக்கு இரண்டு லட்சம் கொடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விட்டதும் நேராக ரேஞ்சுக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோரும், வேலை பார்த்துக்கொண்டே மாலையில் சுட வருகிறவர்களும் சில மாதங்கள் போனதும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: “சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாமா, எவ்வளவில் வாங்கலாம்?” இங்கே பேசுவது 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டிக்கான துப்பாக்கி, அதாவது மேட்ச் பிஸ்டல், பற்றி மட்டும். மொரினி, ஸ்டெயர், பார்டினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ் என்று நீங்கள் கேள்விப்படும் பெயர்களெல்லாம் ஐரோப்பாவில் 1,500 முதல் 2,500 யூரோ வரை விற்பவை. நம் கைக்கு வரும்போது இரண்டு லட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகிவிடுகிறது. ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

விலை கூடிய பிஸ்டல் வாங்கினால் ஸ்கோர் ஏறுமா?

தானாக ஏறாது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

டார்கெட்டில் பத்து வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. குண்டு 4.5 மி.மீ. குண்டின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், குண்டின் மையம் டார்கெட்டின் நடுவிலிருந்து 8 மி.மீ. வரை தள்ளி விழுந்தாலும் பத்துதான். நல்ல மேட்ச் பிஸ்டலைக் கையில் பிடிக்காமல் ஒரு பிடிகருவியில் இறுக்கி வைத்துச் சுட்டால் ஐந்து குண்டும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டைக்குள் போகும். பெட்டியோடு வரும் டெஸ்ட் கார்டில் அந்த ஓட்டையை நீங்களே பார்க்கலாம். பத்து வட்டத்துக்கு அது தாராளம். விலை குறைந்த மேட்ச் மாடலும் இதைச் செய்யும். அடிப்பகுதியில் நெம்புகோலை ஒரே தடவை இழுத்துக் காற்று அடைக்கும் பழைய ரஷ்யத் துப்பாக்கி, இஷ் 46, அதுவும் செய்யும்.

இப்போது கைக்கு வாருங்கள். குறிபார்க்கும் முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் நடுவே சுமார் 33 செ.மீ. இருக்கிறது. டார்கெட் 10 மீட்டர் தள்ளி, அதாவது அதைப்போல முப்பது மடங்கு தூரத்தில். பின்சைட்டின் பள்ளத்துக்குள் முன்சைட் 0.3 மி.மீ. இடப்பக்கம் ஒதுங்கினால், டார்கெட்டில் குண்டு 9 மி.மீ. இடப்பக்கம் போகும். பத்து போய் ஒன்பது. 0.3 மி.மீ. என்பது மூன்று தாளை அடுக்கிய கனம். ஆனால் சைட் இரண்டும் ஒழுங்காகச் சேர்ந்திருந்து, கை மொத்தமாக 5 மி.மீ. ஆடினால் குண்டும் 5 மி.மீ. மட்டுமே தள்ளிப் போகும், அப்போதும் பத்துதான். கை ஆடுகிறதே என்று கவலைப்படுகிறவர்கள்தான் அதிகம். ஸ்கோரைத் தின்பது பெரும்பாலும் டிரிகரை இழுக்கும் நொடியில் மணிக்கட்டு சற்றே திரும்புவது.

அந்தத் திரும்பலை எந்த பீப்பாயும் சரிசெய்யாது. பயிற்சி சரிசெய்யும். அந்தப் பயிற்சிக்குத் தோதாக இருக்கிறதா என்பதில்தான் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வித்தியாசம்.

அப்படியானால் அந்தக் காசு எதற்குப் போகிறது?

முக்கியமாக மூன்றுக்கு: டிரிகர், கிரிப் (கைப்பிடி), வெறும் இழுப்பு.

போட்டி விதிப்படி டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். சோதனை மேசையில் நடுவர் 500 கிராம் எடைக்கல்லை டிரிகரில் மாட்டி, துப்பாக்கியைச் செங்குத்தாகப் பிடித்து மெல்லத் தூக்குவார். எடை தரையை விட்டு எழும்பும்வரை டிரிகர் விழாமல் நிற்க வேண்டும். நல்ல டிரிகர் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதல் கட்டத்தில் 350, 400 கிராம் வரை விரல் எடுத்துக்கொள்ளும். அங்கே சுவரில் முட்டியதுபோல ஒரு நிறுத்தம். அதற்கு மேல் நூறு, நூற்றைம்பது கிராம் சேர்ந்து 500-ஐத் தாண்டியதும், விரல் நகர்ந்ததே தெரியாமல் விடுபடும். விடுபட்ட பிறகும் டிரிகர் பின்னால் ஓடிக்கொண்டிருக்காமல் ஒரு திருகு தடுத்து நிறுத்தும். இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாக அமைத்துக்கொள்ளலாம். டிரிகர் தகட்டை முன்னே பின்னே தள்ளலாம், விரல் வாகுக்குச் சாய்க்கலாம். ஆயிரமாவது குண்டிலும் அதே இடத்தில், அதே எடையில் விடுபடும். மலிவான துப்பாக்கியில் இல்லாதது இதுதான்.

கிரிப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கி நீட்டி, கண்ணைத் திறந்தால் சைட் இரண்டும் தானாகச் சேர்ந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கிரிப் உங்கள் கைக்கு இல்லை. மேட்ச் கிரிப் அளவு வாரியாக வருகிறது, இடக்கைக்குத் தனி. கீழே உள்ளங்கையைத் தாங்கும் பலகை ஏறி இறங்கும். கோணத்தையும் மாற்றலாம். அப்படியும் சரிவராத இடத்தில் அரத்தால் தேய்த்து, மரப்பட்டி வைத்து நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாள் போடுவார்கள். ரேஞ்சில் நன்றாகச் சுடுகிற யாருடைய கிரிப்பையாவது பாருங்கள். வால்நட் மரத்தின் அழகெல்லாம் போய், திட்டுத் திட்டாகப் பட்டி பூசி, பார்க்கவே சகிக்காது. அவர் கைக்கு மட்டும் அது கச்சிதமாக இருக்கும்.

வெறும் இழுப்பு என்று நான் சொல்வது, ரேஞ்சில் எல்லோரும் ‘டிரை’ என்று சொல்லும் பயிற்சி. குண்டும் காற்றும் இல்லாமல் டிரிகர் மட்டும் இழுப்பது. மேட்ச் பிஸ்டலில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது: சுடும்போது எப்படி விடுபடுமோ அதே உணர்வு, வெடிப்பு இல்லாமல். வீட்டில் வெள்ளைச் சுவரைப் பார்த்து தினம் அரை மணி நேரம் செய்யலாம், செலவே இல்லை. முன்சைட் அசைந்ததா இல்லையா என்பது அப்பட்டமாகத் தெரியும். சொந்தத் துப்பாக்கி வாங்க எனக்குத் தெரிந்த மிக வலுவான காரணம் இதுதான். கிளப் துப்பாக்கியை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள்.

இணையக் கடைகளில் சில ஆயிரத்துக்கே ஏர் பிஸ்டல் கிடைக்கிறதே, தொடக்கத்துக்கு அது போதாதா?

பீப்பாயை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் வகையும், சின்னக் கார்பன் டை ஆக்சைடு குப்பி போட்டுச் சுடும் வகையும்தான் அந்த விலையில் கிடைக்கும். கொல்லையில் டப்பாவைக் குறிவைத்து விளையாட அவை சரி. போட்டிக்குப் பழக ஆகாது. ஸ்பிரிங் விடுபடும்போது, குண்டு பீப்பாயைத் தாண்டும் முன்னமே துப்பாக்கி குதிக்கிறது. டிரிகர் கிலோ கணக்கில் கனக்கும். அதில் பழகிய விரலுக்குத் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்து வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்ற கோச் மாதக்கணக்கில் மெனக்கெட வேண்டியிருக்கும். அந்தக் காசில் குண்டு வாங்கிக்கொண்டு கிளப் துப்பாக்கியிலேயே சுடுங்கள்.

மேட்ச் பிஸ்டல்களிலேயே விலை குறைந்தது, உச்ச விலை என்று இருக்கிறதே. உச்ச விலையில் கூடுதலாக என்ன கிடைக்கும்?

என்னைக் கேட்டால், முதல் ஒரு லட்சம் சொச்சம் கொடுக்கும்போது கிடைப்பதுதான் பெரிய பாய்ச்சல். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் கிடைப்பது குறைந்துகொண்டே போகும்.

ஹேமர்லி ஏ.பி.20 போன்ற எளிய மாடலிலும் அழுத்தக் காற்று, இரண்டு கட்ட டிரிகர், வெறும் இழுப்பு, மாற்றக்கூடிய கிரிப் எல்லாம் உண்டு. விலை ஏற ஏறச் சேருபவை: குண்டு கிளம்பும்போது எதிர்த் திசையில் நகர்ந்து உதையை விழுங்கும் எடை (ஸ்டெயர் இதற்குப் பெயர் போனது), சைட்டை இன்னும் நுணுக்கமாக அமைக்கும் வசதி, எலக்ட்ரானிக் டிரிகர், சமநிலையைக் கூட்டிக் குறைக்க முன்னால் மாட்டும் எடைகள். உதை விழுங்குவதைப் பற்றி ரேஞ்சில் நிறையப் பெருமை பேசுவார்கள். ஏர் பிஸ்டலின் உதையே மிகச் சின்னது. அரை கிராம் குண்டு நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போகிறது, துப்பாக்கியோ ஒரு கிலோ. 60 குண்டில் 600-க்கு 570-க்கு மேல் சுடுகிறவருக்கு, சுட்ட பிறகு சைட் அதே இடத்துக்கு வந்து அமர்வதைப் பார்த்துத் தன் பிழையைப் படிக்க அது உதவும். 520 சுடுகிறவருக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படக்கூடப் படாது.

எலக்ட்ரானிக் டிரிகரா, மெக்கானிக்கலா?

எலக்ட்ரானிக் டிரிகர் மொரினியின் சி.எம்.162 இ.ஐ. மாடலால் பிரபலமானது. கண்ணாடித் துண்டு ஒடிவதுபோல விடுபடும். தேய்மானத்தால் இழுப்பு மாறுவது குறைவு. வெறும் இழுப்புப் பயிற்சிக்குத் துப்பாக்கியை ஒவ்வொரு முறையும் திறந்து மூட வேண்டியதில்லை. மெக்கானிக்கலில் ஒவ்வொரு இழுப்புக்கும் லீவரைத் தூக்கி வைக்க வேண்டும். தினமும் டிரை செய்கிறவருக்கு இது பெரிய சௌகரியம்.

மறுபக்கமும் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 25 அன்று, தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி நின்றது. சரிசெய்துகொண்டு திரும்புவதற்குள் நிமிடங்கள் பறந்துவிட்டன. சொந்தத் துப்பாக்கி பழுதானால் போன நேரத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். மிச்சம் இருந்த 44 குண்டுகளை நாற்பது நிமிடத்துக்கும் குறைவாகச் சுட்டு 575 எடுத்தார், 12-ஆம் இடம். எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று; இரண்டு புள்ளியில் வாய்ப்பு போனது. மூன்று வருடம் கழித்து பாரிஸில் 580 எடுத்து, இறுதிச் சுற்றில் வெண்கலம் வாங்கினார். சரப்ஜோத் சிங்கோடு கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம்.

இதை வைத்து எலக்ட்ரானிக்கே ஆகாது என்று நான் சொல்லவில்லை. உலக அளவில் எத்தனையோ பேர் அதில்தான் சுடுகிறார்கள். மெக்கானிக்கலிலும் ஸ்பிரிங் உடையும். ஆனால் உங்கள் ஊரில் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் இருக்கிறாரா, பழுதானால் எங்கே அனுப்புவீர்கள், எத்தனை மாதம் கையில் துப்பாக்கி இல்லாமல் இருப்பீர்கள்? இதற்குப் பதில் இல்லாதவர் மெக்கானிக்கல் வாங்குவது நல்லது. திருகும் ஸ்பிரிங்கும் நம் ஊர் மெக்கானிக்குக் கைவரும். சர்க்யூட் போர்டு வராது. எது வாங்கினாலும், போட்டிக்குப் போகும்போது புது பேட்டரியும் காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம் ஒரு செட்டும் பையில் இருக்கட்டும்.

எப்போது வாங்குவது?

கிளப் துப்பாக்கிதான் உங்களைத் தடுக்கிறது என்று உறுதியான பிறகு. அதைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. அதே கிளப் துப்பாக்கியைக் கோச்சின் கையில் கொடுத்துப் பத்து குண்டு சுடச் சொல்லுங்கள். அவர் 94, 95 எடுத்தால் குறை துப்பாக்கியில் இல்லை.

நான் வைத்திருக்கும் கணக்கு: வாரம் நான்கு நாளாவது ரேஞ்சுக்கு வர வேண்டும், ஆறு மாதமாவது விடாமல் வந்திருக்க வேண்டும், 60 குண்டுக்கு 530-ஐ ஒட்டி நிலையாக நிற்க வேண்டும். ஒரு நாள் 548 வந்து மறுநாள் 505 என்றால் இன்னும் பொறுக்கலாம். இது விதி ஒன்றும் இல்லை. ஆர்வத்தில் வாங்கி, பத்தாம் வகுப்பு வந்ததும் அலமாரிக்குப் போன பிஸ்டல்களை நிறையப் பார்த்ததால் சொல்கிறேன்.

கிளப் துப்பாக்கியின் உண்மையான தொல்லை அதன் தரம் இல்லை; அது பத்துப் பேர் கையில் புழங்குவது. நேற்று நீங்கள் அமைத்துவிட்டுப் போன சைட்டை இன்று காலையில் வேறொருவர் நாலு கிளிக் திருப்பியிருப்பார். கிரிப் யாருக்கும் பொருந்தாத பொதுக் கிரிப். இதற்கு நடுவழி ஒன்று இருக்கிறது, பலருக்குத் தோன்றுவதில்லை. அந்த மாடலுக்குப் பொருந்தும் கிரிப்பை மட்டும் உங்கள் அளவில் வாங்கி வைத்துக்கொண்டு, கிளப்பின் அனுமதியோடு உங்கள் நேரத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு திருகுதான். பின்னால் அதே மாடலைச் சொந்தமாக வாங்கினால் அந்தக் கிரிப் அப்படியே உதவும்.

பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. பெரிய சைஸாக வாங்கினால் வளர வளரச் சரியாகிவிடாதா?

பள்ளிச் சீருடை வாங்குகிற யோசனையை இங்கே கொண்டுவராதீர்கள். பெரிய கிரிப்பில் விரல் டிரிகருக்கு எட்டாது. எட்டவைக்கக் கையைச் சுற்றிப் பிடிப்பார்கள், மணிக்கட்டு கோணலாகும். முழு நீளப் பிஸ்டல் ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். அதை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்து ஒன்றேகால் மணி நேரத்தில் 60 குண்டு சுட வேண்டும். அதற்கு முன் பதினைந்து நிமிடம் தயாரிப்பும் பழகு குண்டுகளும் வேறு. சின்னப் பிள்ளையின் தோளுக்கு இது அதிகம். பீப்பாயும் காற்று அடைக்கும் சிலிண்டரும் குட்டையான, எடை குறைந்த வகையைப் பல நிறுவனங்கள் செய்கின்றன. அதைச் சின்னக் கிரிப்போடு வாங்கி, வளர்ந்ததும் கிரிப்பை மட்டும் மாற்றுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக. முதல் பிஸ்டல் செகண்ட் ஹேண்டாக இருப்பதே புத்திசாலித்தனம் என்பேன். நல்லபடியாக வைத்திருந்த ஸ்டெயர் எல்.பி.10, பத்து வருடம் ஆனாலும் புது எளிய மாடலைவிட ஒரு படி மேல். ஆனால் இதையெல்லாம் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

முதலில் சிலிண்டரைக் கழற்றி அதில் பொறித்திருக்கும் மாதம், வருடத்தைப் படியுங்கள். சர்வதேச விதிப்படி சிலிண்டரின் ஆயுள் அதிகபட்சம் பத்து ஆண்டு. அது தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு. போட்டியில் சோதிக்கவும் செய்யலாம். விற்பவர் “நன்றாகத்தான் இருக்கிறது” என்பார், உள்ளே காற்றும் நிற்கும். தேதி போய்விட்டிருந்தால் புது சிலிண்டரின் விலையைப் பேரத்தில் கழித்துவிடுங்கள். இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டுக்கும்.

அடுத்து, 200 பார் அழுத்தத்துக்குக் காற்று நிரப்பி, துப்பாக்கியில் மாட்டி, அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்று படம் எடுத்துக்கொண்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் முள் கீழே இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. ரப்பர் வளையம் என்றால் சின்னச் செலவு. வால்வு என்றால் பெரிய செலவு. மேசையில் முட்டுக் கொடுத்துப் பத்து குண்டு சுட்டுப் பாருங்கள், ஓட்டை சேர்ந்து விழ வேண்டும். டிரிகர் திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா பாருங்கள். சிதைந்திருந்தால் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரோடு யாரோ உள்ளே புகுந்து விளையாடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கிரிப் உங்கள் கைக்கானதா, இடமா வலமா என்பதைச் சொல்லவே வேண்டாம்; ஆனால் படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பிவிட்டு இடக்கைக் கிரிப்போடு விழித்தவர்கள் உண்டு.

கடைசியாகத் தாள். பில்லில் உள்ள எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். விளையாட்டு வீரருக்கான சலுகையில் இறக்குமதியானதா, மறுவிற்பனைக்கு நிபந்தனை இருக்கிறதா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தாள் இல்லாத துப்பாக்கி பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஐந்து குண்டு மாடல் ஒன்று சற்றுக் கூடுதல் விலையில் கிடைக்கிறது. அது மேல் இல்லையா?

ஸ்டெயர் எல்.பி.50 போன்றவை வேறு வகைப் போட்டிக்கானவை. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் ஒரு நேரத்தில் ஒரு குண்டுதான் போட்டுச் சுட வேண்டும். வேண்டாத வசதிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

துப்பாக்கியைத் தவிர என்ன செலவு?

இதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும். நாளுக்கு 100 குண்டு, வாரம் ஐந்து நாள் என்றால் 500. ஒரு டப்பாவில் இருப்பது 500. வாரம் ஒரு டப்பா, வருடத்துக்கு ஐம்பது. டப்பா ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஐம்பதாயிரம். நான்கு வருடத்தில் இன்னொரு மேட்ச் பிஸ்டலின் விலை குண்டாகவே போய்விடும். இதோடு ரேஞ்ச் கட்டணம், கோச் சம்பளம், போட்டி நுழைவுக் கட்டணம், ரயில், தங்கல், ஷூ, வேண்டுமானால் சுடுவதற்கான கண்ணாடி. துப்பாக்கி வாங்கியதில் கை வறண்டு, அடுத்த மாதம் குண்டை எண்ணி எண்ணிச் சுடுகிற நிலை வந்தால் வாங்கியது வீண். இரண்டரை லட்சம் கையில் இருந்தால் ஒன்றேகால் லட்சத்துக்குள் துப்பாக்கியை முடித்துக்கொண்டு, மிச்சத்தை இரண்டு வருடக் குண்டுக்கும் கோச்சுக்கும் ஒதுக்கச் சொல்வேன்.

குண்டிலும் பயிற்சிக்கு ஒன்று, போட்டிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, ஹெச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் போன்றவை 4.49, 4.50 மி.மீ. என்று நூலளவு வித்தியாசத்தில் வருகின்றன. எது ஒத்துப்போகிறது என்று முட்டுக் கொடுத்துச் சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தினப் பயிற்சிக்கு விலை குறைந்ததே போதும்.

காற்றை வீட்டிலேயே அடித்துக்கொள்ளலாமா?

கைப்பம்பில் அடிக்கலாம். வியர்க்கும், அவ்வளவுதான். நம் கடலோர ஊர்களில் கவனிக்க வேண்டியது ஈரம். சென்னைக் காற்றை 200 பாருக்கு அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகச் சிலிண்டருக்குள் இறங்கும். உள்ளே வால்வு கெட ஆரம்பிக்கும். விட்டு விட்டு அடியுங்கள், பம்பு ஆறட்டும், நடு நடுவே கழிவு வால்வைத் திறந்து ஈரத்தை வெளியேற்றுங்கள், ஈரம் உறிஞ்சும் குழாய் உள்ள பம்பாக வாங்குங்கள். முக்குளிப்பவர்களின் காற்றுச் சிலிண்டரிலிருந்து நிரப்புவது இதைவிட நல்லது. அந்தக் காற்று உலர்ந்தது. மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து மட்டும் நிரப்பவே கூடாது. எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் வெடித்துவிடும்.

உரிமம் வேண்டுமா?

இந்தியாவில் 4.5 மி.மீ. அளவுக்குள், 20 ஜூல் ஆற்றலுக்குள் இருக்கும் ஏர் பிஸ்டலுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. மேட்ச் பிஸ்டல் 6 ஜூலை ஒட்டித்தான் இருக்கும். கடையில் அடையாளச் சான்று கேட்பார்கள். உரிமம் இல்லை என்பதால் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணைப் பறிக்க அந்த 6 ஜூல் ஏராளம். பெட்டி பூட்டியிருக்கட்டும், குண்டு வேறு இடத்தில் இருக்கட்டும், பீப்பாய் காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடி அதற்குள் எப்போதும் செருகியிருக்கட்டும்.

பாரிஸில் துருக்கிக்காரர் ஒருவர் சாதாரணக் கண்ணாடியோடு வந்து வெள்ளி வாங்கினாரே? சாமான் எல்லாம் வெறும் பகட்டுதானே?

யூசுஃப் டிகெச். கலப்பு அணிப் போட்டியில், 2024-இல். ஒரு கை பாக்கெட்டில், ஒரு கண்ணையும் பக்கவாட்டையும் மறைக்கும் மறைப்புகள் ஏதும் இல்லை. படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அந்தப் படத்தில் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். கையில் இருந்தது அசல் மேட்ச் பிஸ்டல். அவர் தவிர்த்தது சுடுவதற்கான கண்ணாடி, மறைப்பு போன்ற துணைச் சாமான்களை. பிஸ்டலையும் பல வருடப் பயிற்சியையும் இல்லை. செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு அந்தப் படத்தில் நல்ல யோசனை இருக்கிறது: சுடுவதற்கான விலை உயர்ந்த கண்ணாடியை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம்.

எந்த பிராண்ட்?

உங்கள் ரேஞ்சில் எது நாலைந்து பேரிடம் இருக்கிறதோ அது. உதிரி கடன் கிடைக்கும், கோச்சுக்கு அதன் டிரிகர் பழக்கம் இருக்கும், விற்கும்போது ஆள் தேட வேண்டாம். ஸ்டெயரா மொரினியா என்று இரவு முழுக்க வாதாடலாம், சுகமான வாதம்தான். டார்கெட்டில் அது தெரியாது. ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, கண்ணை மூடித் தூக்கிப் பார்க்கும் சோதனையைச் செய்யுங்கள். எது இயல்பாக நேரே நிற்கிறதோ அதை எடுங்கள்.

கடன் வாங்கி வாங்கலாமா?

வேண்டாம். பிள்ளை சுடும் ஒவ்வொரு எட்டும் வீட்டில் தவணையாகக் கேட்கும். “இவ்வளவு காசு போட்டோமே” என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அடுத்த போட்டியில் விரல் டிரிகரில் உறைந்து நிற்கும். சேர்த்து வைத்து, ஒரு வருடம் தள்ளி, செகண்ட் ஹேண்டாக வாங்குங்கள்.

வாங்கியாகிவிட்டது. முதலில் என்ன செய்வது?

முதல் இரண்டு வாரம் சைட்டையும் டிரிகரையும் தொடாதீர்கள். டிரிகரை எடைக்கல்லால் சோதித்து, 500 கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரிப்பில் எங்கே உறுத்துகிறது என்பதைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். அதே இடம் நாலைந்து நாள் தொடர்ந்து உறுத்தினால்தான் அரத்தை எடுக்க வேண்டும். அதையும் கோச் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். தேய்த்த மரத்தைப் பட்டி வைத்து நிரப்பிக்கொள்ளலாம், ஆனால் அது காய ஒரு நாள் ஆகும். எனவே போட்டிக்கு முந்தின வாரம் கிரிப்பில் கை வைக்காதீர்கள்.